ஃபோர்டு மாடல் ஏ: அறிகுறியைப் பார்த்துக் கோளாறைப் பிடிப்பது

என்னிடம் இருப்பது 1930-ம் வருட மாடல் ஏ, துணிக்கூரை போட்ட திறந்த வண்டி. தேவகோட்டைப் பக்கம் ஒரு வீட்டின் வண்டிக் கொட்டகையில் முப்பது வருடத்துக்கும் மேல் நின்றிருந்தது. அதை எழுப்பி ஓட்ட ஆரம்பித்துப் பதினான்கு வருடம் ஆகிறது. இப்போது இதே வண்டி வைத்திருப்பவர்கள் மாதம் இரண்டு மூன்று பேராவது போன் செய்கிறார்கள். பெரும்பாலும் பேச்சு ஒரே மாதிரிதான் தொடங்கும்: "வண்டி ஸ்டார்ட் ஆகலை. கார்புரேட்டரைக் கழட்டிட்டேன். இப்ப என்ன பண்ணட்டும்?"

கார்புரேட்டரை முதலில் கழற்றாதீர்கள் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

1927 டிசம்பரில் வெளிவந்து 1931 வரை தயாரான கார் இது. ஏறத்தாழ 48 லட்சம் வண்டிகள் செய்தார்கள். நம் நாட்டுக்கு வந்தவை வலது பக்க ஸ்டீயரிங் கொண்டவை, கனடா ஃபோர்டு வழியாக வந்தவை. 3.3 லிட்டர் இஞ்சின், நான்கு சிலிண்டர், 40 குதிரைத்திறன், 6 வோல்ட் மின்சாரம். பெட்ரோல் பம்ப் கிடையாது, ஆயில் ஃபில்டர் கிடையாது, ஃபியூஸ்கூடக் கிடையாது. இவ்வளவு எளிமையாக இருப்பதால் ஒவ்வொரு கோளாறும் தனக்கென்று ஒரு அடையாளம் காட்டும். அந்த அடையாளத்தைப் பார்ப்பதற்கு முன்னால் ஸ்பானரை எடுத்து நாலு இடத்தில் கை வைத்துவிட்டால், இருந்த ஒரு கோளாறு மூன்றாகிவிடும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மாற்றியதும் ஓட்டிப் பாருங்கள். சரியாகவில்லை என்றால் பழையபடியே வைத்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள்.

பல வருடம் நின்ற வண்டி கைக்கு வந்திருக்கிறது

பேட்டரியைப் போட்டு செல்ஃப் அடித்துப் பார்க்கும் ஆசை எல்லோருக்கும் வரும். அடக்கிக்கொள்ளுங்கள். முதலில் நான்கு பிளக்கையும் கழற்றி, ஒவ்வொரு துளையிலும் ஆட்டோமேட்டிக் கியர் ஆயிலும் டீசலும் கலந்து ஊற்றி, ஒரு வாரமாவது ஊற விடுங்கள். அப்புறம் முன்னால் ஹேண்டிலைப் போட்டு, பலம் கொடுக்காமல், மெல்ல அசைத்துப் பாருங்கள். இம்மி அசைந்தாலே போதும், மறுநாள் கொஞ்சம் கூடுதலாக அசையும். என் வண்டி பதினோராம் நாள்தான் ஒரு முழுச் சுற்று சுற்றியது. கயிறு கட்டி வேறு வண்டியால் இழுத்து, கியரில் போட்டுச் சுற்ற வைக்கும் வேலை வேண்டாம். பிஸ்டன் ரிங் உடையும்.

சுற்ற ஆரம்பித்ததும் அடியில் ஆயில் சம்ப்பை, அதாவது ஆயில் தேங்கும் தொட்டியை, கழற்றியே ஆக வேண்டும். ஃபில்டர் இல்லாத இஞ்சின் என்பதால் அத்தனை வருட அழுக்கும் கீழே தார் மாதிரி படிந்திருக்கும். அதன் மேலேயே இன்றைய ஆயிலை ஊற்றினால், அதிலுள்ள சுத்தம் செய்யும் ரசாயனம் அந்தத் தாரைக் கரைத்து பேரிங்குக்கு அனுப்பிவிடும். சம்ப்பை மாட்டும்போது உள்ளே இருக்கும் தட்டின் பள்ளங்களில் ஆயிலை நிரப்பிவிட்டு மாட்டுங்கள். கனெக்டிங் ராடுகள் அந்தப் பள்ளத்து ஆயிலைத் தொட்டுத்தான் தங்கள் பேரிங்கை நனைத்துக்கொள்கின்றன. முதல் சுற்றிலேயே அவற்றுக்கு ஆயில் கிடைக்க வேண்டும்.

சைலன்சர் வாயில் டார்ச் அடித்துப் பாருங்கள். எலிக்கு அதைவிடப் பிடித்த வீடு கிடையாது.

செல்ஃப் சுற்றவில்லை, அல்லது முனகிக்கொண்டு மெதுவாகச் சுற்றுகிறது

பேட்டரியைக் குறை சொல்வதற்கு முன் கேபிளைப் பாருங்கள். 6 வோல்ட் வண்டியில் அதே வேலைக்கு இரண்டு மடங்கு கரண்ட் ஓட வேண்டும். அதனால் கேபிள் நன்றாகத் தடியாக, கட்டைவிரல் பருமனில் இருக்க வேண்டும். கடையில் கிடைக்கும் இன்றைய கார் கேபிள் 12 வோல்ட்டுக்கானது, இதற்கு மெல்லிசு. அடுத்து எர்த். இந்த வண்டியில் பாஸிட்டிவ்தான் எர்த், அது நினைவில் இருக்கட்டும். எர்த் பட்டை சேஸிஸில் உட்காரும் இடத்தில் பெயிண்ட்டும் துருவும் இருந்தால் உப்புத்தாளால் வெள்ளையாகத் தேய்த்துவிட்டு முடுக்குங்கள். பத்து விநாடி செல்ஃப் அடித்துவிட்டு ஒவ்வொரு இணைப்பையும் தொட்டுப் பாருங்கள். எது சுடுகிறதோ அதுதான் கரண்ட்டைத் தின்கிறது.

இது ஒழுங்காக இருந்தால் 6 வோல்ட்டே தாராளம். 12 வோல்ட்டுக்கு மாற்றச் சொல்பவர்கள் பெரும்பாலும் இந்த எர்த்தைத் தேய்க்காதவர்கள்தான்.

நன்றாகச் சுற்றுகிறது, ஆனால் பிடிக்கவில்லை

இங்கேதான் எல்லோரும் கார்புரேட்டரின் மேல் பாய்கிறார்கள். டாஷ்போர்டில் கரண்ட் ஓட்டத்தைக் காட்டும் ஆம்மீட்டர் இருக்கிறது, முதலில் அதைக் கேளுங்கள்.

சாவியைப் போடுங்கள். முன்னால் போய் ஹேண்டிலை மெதுவாகச் சுற்றுங்கள், முள்ளைப் பார்க்க ஒருவர் உள்ளே உட்காரட்டும். டிஸ்ட்ரிபியூட்டருக்குள் கரண்ட்டைச் சேர்த்தும் பிரித்தும் விடும் பாயிண்ட் மூடும்போது முள் டிஸ்சார்ஜ் பக்கம் நான்கு ஆம்பியர் அளவுக்குச் சாயும். திறக்கும்போது பூஜ்யத்துக்கு வரும். இப்படித் தலையாட்டிக்கொண்டே இருந்தால் பேட்டரியிலிருந்து காயில் வழியாக பாயிண்ட் வரை எல்லாம் சரி.

முள் அசையவே இல்லை, பூஜ்யத்திலேயே நிற்கிறது என்றால் வழியில் எங்கோ அறுந்திருக்கிறது, அல்லது பாயிண்ட் மூடியும் தொடவில்லை. நாள்பட்டு நின்ற வண்டியில் பெரும்பாலும் இரண்டாவதுதான். பாயிண்ட் முகத்தில் கண்ணுக்குத் தெரியாத படலம் கட்டியிருக்கும். ஒரு வெள்ளை அட்டையை பெட்ரோலில் நனைத்து, பாயிண்ட் நடுவே விட்டு இழுங்கள். அட்டையில் கறுப்புக் கோடு விழும். கறுப்பு வராத வரை இழுங்கள்.

முள் டிஸ்சார்ஜிலேயே ஒட்டிக்கொண்டு நிற்கிறது என்றால் பாயிண்ட் திறக்கவில்லை, அல்லது எங்கோ எர்த் ஆகிறது. பாயிண்ட் இடைவெளியைப் பாருங்கள், 0.018 முதல் 0.022 அங்குலம் இருக்க வேண்டும், நான் 0.020-ல் வைக்கிறேன். அது சரியாக இருந்தும் முள் இறங்கவில்லை என்றால், சாவியிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டருக்கு வரும் இரும்பு உறை போட்ட கேபிளின் நுனியைச் சந்தேகியுங்கள். அதன் இன்சுலேஷன் போய் உடம்பைத் தொட்டுக்கொண்டிருக்கும். பாயிண்ட்டில் பொறி பறக்காமல் காக்கும் கண்டன்சர் உள்ளே ஷார்ட் ஆனாலும் இதே அறிகுறிதான்.

முள் ஒழுங்காக ஆடுகிறது, ஆனாலும் பிளக்கில் நெருப்பு இல்லை என்றால் காயிலுக்கு மேல் பக்கம் போங்கள்: பெரிய வயர், மூடி, ரோட்டார். இந்த வண்டியில் டிஸ்ட்ரிபியூட்டரிலிருந்து பிளக்குக்கு வயரே கிடையாது, திறந்த பித்தளைப் பட்டைகள்தான். கையை வைத்து ஒரு தடவை வாங்கினால் மறக்காது. பிளக் இடைவெளி 0.035 அங்குலம், ஃபயரிங் வரிசை 1-2-4-3. இன்றைய நான்கு சிலிண்டர் கார்களில் பழகிய கை தன்னையறியாமல் 1-3-4-2 என்று போட்டுவிடும். இதில் அந்தத் தவறு அவ்வளவு சுலபமில்லை, பட்டை எட்டாது. ஆனால் மூடியையே மாற்றியிருந்தால் வரிசையை ஒரு தடவை எண்ணிப் பாருங்கள்.

நெருப்பு இருக்கிறது, நேரம் தப்பியிருக்கலாம் என்று தோன்றினால் டைமிங் பார்ப்பது இந்த வண்டியில் அழகான வேலை. இஞ்சினின் முன்பக்க மூடியில் ஒரு திருகு இருக்கிறது. அதைக் கழற்றி, திருப்பி, நீளமான முனை உள்ளே போகும்படி அதே துளையில் வையுங்கள். ஒரு கையால் அதை அழுத்திக்கொண்டு, இன்னொருவரை ஹேண்டிலை மெதுவாகச் சுற்றச் சொல்லுங்கள். உள்ளே பல்சக்கரத்தின் முகத்தில் முனை வழுக்கிக்கொண்டே வருவது விரலுக்குத் தெரியும். ஓர் இடத்தில் 'டக்' என்று ஒரு சின்னப் பள்ளத்தில் இறங்கும். அங்கே நிறுத்துங்கள். முதல் சிலிண்டரின் பிஸ்டன் உச்சியில் இருக்கிறது. அந்தப் பள்ளம் கேம் சக்கரத்தில் இருப்பதால் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் வரும், எந்த உச்சி என்ற குழப்பமே கிடையாது. இப்போது ஸ்டீயரிங் கீழே இருக்கும் ஸ்பார்க் லீவரை முழுக்க மேலே தள்ளுங்கள். நெருப்பு பற்றும் நேரத்தை மாற்றும் பிடி அது: மேலே தள்ளினால் தாமதம், கீழே இழுத்தால் முந்தும். டிஸ்ட்ரிபியூட்டரின் நடுத் திருகைத் தளர்த்தி, ரோட்டார் முதல் சிலிண்டரின் முனையைப் பார்க்க, பாயிண்ட் திறக்கலாமா என்று நிற்கும் இடத்தில் வைத்து முடுக்குங்கள். திருகை மறக்காமல் திருப்பி மாட்டுங்கள். அதை உள்ளே நீட்டியபடியே விட்டுவிட்டு செல்ஃப் அடித்தால் கேம் சக்கரம் கெட்டுப்போகலாம்.

இவ்வளவும் சரி என்றால்தான் பெட்ரோலுக்கு வர வேண்டும். டேங்க் கண்ணாடிக்கு முன்னால், உங்கள் முழங்காலுக்கு மேலே இருக்கிறது. அங்கிருந்து தன் எடையில் தானே இறங்குகிறது. கார்புரேட்டர் பக்கம் குழாயைக் கழற்றி, ஒரு பாட்டிலைப் பிடித்து வால்வைத் திறங்கள். இரண்டு நிமிடம் விடாமல், ஒரே வேகத்தில் வர வேண்டும். நன்றாக ஆரம்பித்துப் பிறகு நூலாகிறது என்றால் டேங்க் மூடியில் காற்றுத் துளை அடைத்திருக்கிறது. மூடியைத் திறந்ததும் வேகம் வந்தால் உறுதி. ஆரம்பத்திலிருந்தே சொட்டுகிறது என்றால் வால்விலோ அழுக்குக் கிண்ணத்திலோ துரு.

கார்புரேட்டரைத் திறக்கும் கட்டம் இதற்கு அப்புறம்தான். பெட்ரோலை அளந்து விடும் சின்னத் துளைகளான ஜெட்டுகளைக் காற்றடித்துத்தான் சுத்தம் செய்ய வேண்டும். கம்பி விட்டுக் குத்தினால் துளை பெரிதாகிவிடும், பிறகு அந்த வண்டி எந்நாளும் கூடுதலாகக் குடிக்கும்.

எல்லாம் சரியாக இருந்தும் பிடிக்காமல் போவது பழக்கமின்மையாலும் இருக்கலாம். குளிர்ந்த இஞ்சினுக்கு என் வரிசை இது: பெட்ரோல் வால்வு திறப்பு, ஸ்பார்க் லீவர் முழுக்க மேலே, திராட்டில் லீவர் மூன்று நான்கு பல் கீழே, சோக் கம்பியின் குமிழை (பெட்ரோல் கலவையைக் கூட்டிக் குறைப்பது இதுதான்) ஒரு சுற்று இடப்பக்கம் திருப்பல், சாவி. பின்பு சோக்கை இழுத்துப் பிடித்துக்கொண்டு செல்ஃப். இரண்டு சுற்று சுற்றியதும் சோக்கை விட்டுவிட வேண்டும். பிடித்ததும் ஸ்பார்க்கைக் கீழே இறக்கி, சூடானதும் குமிழைக் கால் சுற்று அளவுக்குக் கொண்டுவர வேண்டும்.

ஸ்பார்க் லீவரைக் கீழே விட்டபடி ஒருபோதும் ஸ்டார்ட் செய்யாதீர்கள். இஞ்சின் திருப்பி அடிக்கும். செல்ஃபில் என்றால் அதை இஞ்சினோடு சேர்க்கும் பெண்டிக்ஸ் ஸ்பிரிங் போகும், ஹேண்டிலில் என்றால் மணிக்கட்டு போகும். ஹேண்டில் போடும்போது கட்டைவிரலை மற்ற நான்கு விரல்களோடு ஒரே பக்கம் வைத்து, கீழிருந்து மேலே இழுங்கள். கீழே அழுத்திச் சுற்றக் கூடாது.

ஓடிக்கொண்டே இருக்கும்போது நின்றுவிடுகிறது, கொஞ்ச நேரம் கழித்து ஓடுகிறது

இதற்கு நான் ஒரு கோடைக்காலம் முழுவதையும் கொடுத்தேன். புதுக்கோட்டைக்குப் போகும் வழியில், திருமயம் தாண்டினால் வண்டி நிற்கும். அரை மணி நேரம் மரத்தடியில் நின்றால் கிளம்பும். பெட்ரோல் சூடாகி ஆவியாகிறது என்று முடிவு கட்டி, குழாய்க்குத் துணி சுற்றினேன், கார்புரேட்டரை மூன்று தடவை பிரித்தேன், இன்னொரு கார்புரேட்டரே வாங்கினேன். கடைசியில் காரைக்குடியில் ஒரு வயதான மெக்கானிக்கிடம் போய்ச் சொன்னேன். வண்டியைத் தொடவே இல்லை அவர்.

"தம்பி, நிக்கறப்ப உங்க கை எங்க இருக்கு?"

"ஸ்டீயரிங்லதாங்கய்யா."

"அது சரி. ஸ்பார்க்கை ஏத்தி இறக்கிட்டு இருக்கும்போதா, சும்மா போய்ட்டு இருக்கும்போதா?"

யோசித்துப் பார்த்தேன். திருமயத்து ஏற்றத்தில் ஸ்பார்க்கை மேலே தள்ளுவேன், இறக்கத்தில் கீழே இழுப்பேன். நிற்பது எப்போதும் அதற்கு அப்புறம்தான்.

டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இரண்டு தட்டு இருக்கிறது. கீழ்த்தட்டு அசையாது, மேல்தட்டு ஸ்பார்க் லீவரோடு சேர்ந்து திரும்பும். இரண்டையும் இணைப்பது விரல் நீளம்கூட இல்லாத ஒரு சின்ன வயர். லீவரை அசைக்கும் ஒவ்வொரு தடவையும் அது மடங்கி நிமிரும். உறைக்குள்ளேயே தாமிர இழைகள் ஒவ்வொன்றாக அறுந்து, வெளியே பார்க்கப் புத்தம் புதிதாகத் தெரியும். என் வண்டியில் இரண்டே இழை மிச்சம் இருந்தது. லீவர் ஓர் இடத்தில் நின்றால் தொடும், இன்னோர் இடத்தில் விட்டுப்போகும். மரத்தடியில் நின்று மறுபடி ஸ்டார்ட் செய்ய லீவரை மேலே தள்ளுவேன் இல்லையா, அதனால்தான் கிளம்பியது. ஆறியதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

ஆகவே இந்த அறிகுறிக்கு முதல் சோதனை: வண்டி நின்ற உடனே, எதையும் தொடாமல், ஆம்மீட்டரைப் பார்த்துக்கொண்டு ஸ்பார்க் லீவரை மேலும் கீழும் அசையுங்கள். அசைக்கும்போது முள் துள்ளினால் அந்த வயர்தான். இழைகள் மிக நுண்ணிய, வளையக்கூடிய வயராகப் பார்த்து ஈயம் வைத்துப் போடுங்கள்.

முள் துள்ளவில்லை என்றால் கண்டன்சர். இஞ்சினின் உச்சந்தலையில் அமர்ந்து வெந்துகொண்டே இருக்கும் பொருள் அது. சூட்டில் உயிர்விட்டு, ஆறினால் எழுந்திருக்கும். இதைச் சோதிக்க ஒரே நம்பகமான வழி, நல்லது என்று தெரிந்த இன்னொன்றை அந்த இடத்திலேயே மாட்டிப் பார்ப்பதுதான். அதனால் ஒன்றை எப்போதும் டூல் பெட்டியில் வைத்திருங்கள். புதிதாக வாங்கியதை நம்பி அப்படியே பெட்டியில் போடாமல், ஐம்பது கிலோமீட்டர் ஓட்டிப் பார்த்துவிட்டு எடுத்து வையுங்கள்.

இரண்டும் இல்லை என்றால் பெட்ரோல் ஆவியாவது உண்மையாகவே இருக்கலாம். எத்தனால் கலந்த இன்றைய பெட்ரோலால் இந்தத் தொல்லை கூடியிருக்கிறது. கார்புரேட்டர் சூடான மேனிஃபோல்டுக்குக் கீழே தொங்குகிறது. வண்டியை நிறுத்திப் பத்து நிமிடத்தில் சூடு கீழே இறங்கி, உள்ளே இருக்கும் பெட்ரோலைக் கொதிக்க வைத்துவிடும். நிறுத்தும்போது பானெட்டின் ஒரு பக்கத்தைத் திறந்து விடுங்கள். பெட்ரோல் வால்வை மூடிவிட்டு இறங்குவதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள். 20 சதவீத எத்தனால் பெட்ரோலுக்கு, சோக் குமிழைப் பழைய இடத்திலிருந்து கொஞ்சம் கூடத் திறக்க வேண்டியிருக்கும். வெகுநாள் நிறுத்துவதானால் டேங்க்கைக் காலி செய்துவிடுங்கள். எத்தனால் காற்றின் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும், டேங்க்கின் உள்ளே பூசிய பழைய சீலரையும் கரைத்து, ஆடை ஆடையாக ஜெட்டுக்கு அனுப்பும்.

சூடு ஏறுகிறது, ரேடியேட்டர் கொதிக்கிறது

முதலில் இது கோளாறா என்று பாருங்கள். ரேடியேட்டரைக் கழுத்து வரை நிரப்பினால், ஓடத் தொடங்கியதும் அதிகமான தண்ணீரை இந்த வண்டி வெளியே தள்ளிவிடும். தனக்குப் பிடித்த அளவுக்கு வந்ததும் நிறுத்திக்கொள்ளும். குழாய்களின் தலை மூழ்கினால் போதும். அடுத்த நாளும் அதே அளவு இருந்தால் உங்கள் வண்டிக்கு எந்த நோயும் இல்லை.

உண்மையிலேயே கொதிக்கிறது என்றால் ரேடியேட்டரைக் கழற்றுவதற்கு முன் ஸ்பார்க்கைப் பாருங்கள். லீவரை மேலேயே விட்டு ஓட்டினால் நெருப்பு தாமதமாகப் பற்றி, சூடு பிஸ்டனைத் தள்ளுவதை விட்டுவிட்டு எக்ஸாஸ்ட்டுக்கும் தண்ணீருக்கும் போகும். லீவர் கீழே இருந்தும் லிங்க் தேய்ந்து டிஸ்ட்ரிபியூட்டர் முழுக்கத் திரும்பாமல் இருக்கலாம். பானெட்டைத் திறந்து வைத்து, ஒருவர் லீவரை இழுக்க, இன்னொருவர் கண்ணால் பாருங்கள். பெட்ரோல் கலவை மெலிந்திருந்தாலும் சூடு ஏறும். குமிழைக் கால் சுற்று கூடுதலாகத் திறந்து ஐந்து கிலோமீட்டர் ஓட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். செலவில்லாத இந்த இரண்டு சோதனையில் பாதிப் பேருக்குக் கொதிப்பு அடங்கியதைப் பார்த்திருக்கிறேன்.

அடங்கவில்லையா, ரேடியேட்டர். இஞ்சினை நன்றாகச் சூடாக்கி நிறுத்தி, ஃபேன் நின்ற பிறகு, ரேடியேட்டரின் முகத்தை உள்ளங்கையால் தடவிப் பாருங்கள். நல்ல ரேடியேட்டர் மேலே சுட்டு, கீழே போகப் போகச் சீராக ஆறியிருக்கும். நடுவில் திட்டுத் திட்டாகக் குளிர்ந்த இடம் தட்டுப்பட்டால், அந்தக் குழாய்களில் தண்ணீரே ஓடவில்லை. நம் ஊரில் இதற்குக் காரணம் பெரும்பாலும் போர் தண்ணீர்தான். உப்புத் தண்ணீரைக் காய்ச்சிய பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதேதான் குழாய்க்குள்ளும் படிகிறது. பேட்டரிக்கு ஊற்றும் தண்ணீரோ பிடித்து வைத்த மழைத் தண்ணீரோதான் ஊற்ற வேண்டும், துருப் பிடிக்காமல் இருக்கக் கூலண்ட்டும் சேர்த்து. அடைத்துப்போன ரேடியேட்டரை, மேல் டேங்க்கைப் பிரித்துக் குழாய் குழாயாகக் குத்தி எடுக்கத் தெரிந்த ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள். லேசான அடைப்பு என்றால் சலவை சோடா கரைத்து ஓட்டி, பல தடவை அலசினாலே போதும். கீழ் ஹோஸையும் பாருங்கள். வெளியே நன்றாக இருந்துகொண்டு, உள்ளே ரப்பர் உரிந்து வழியை மறித்திருக்கும்.

ரேடியேட்டரும் சுத்தம், இன்னும் கொதிக்கிறது என்றால் இஞ்சின் பிளாக்கின் பின்பகுதி. நான்காவது சிலிண்டரைச் சுற்றித் துருச்சேறு கட்டியிருக்கும். ஹெட்டைக் கழற்றிக் கம்பியும் தண்ணீர்ப் பீய்ச்சலுமாக எடுக்க வேண்டும். என் வண்டியில் ஒரு பெயிண்ட் டப்பா நிறைய வந்தது.

வாட்டர் பம்ப்பில் தண்ணீர் சொட்டினால் பதறாதீர்கள். பேக்கிங் நட்டை ஒரு சிறிய திருப்பு இறுக்குங்கள். சொட்டுவதை முழுக்க நிறுத்த வேண்டும் என்று வலிய இறுக்கினால் ஷாஃப்ட் தேயும்.

கொதிக்கும் இஞ்சினில் பச்சைத் தண்ணீர் ஊற்றக் கூடாது. தாகமாய் இருக்கிறதே என்று ஊற்றி, பிளாக் விரிசல் விட்ட வண்டி ஒன்றை நான் பார்த்திருக்கிறேன். தொண்ணூறு வருடம் தாங்கிய இரும்பு ஒரு நிமிடத்தில் போனது.

இதோடு சேர்த்து ஒன்று. இரண்டு இலை கொண்ட பழைய ஃபேன் உங்கள் வண்டியில் இருந்தால் இன்றே கழற்றிவிடுங்கள். அது தகட்டை மடித்துச் செய்தது, உள்ளேயிருந்து துருப்பிடிக்கும், வெளியே ஒன்றும் தெரியாது. ஓடும்போது ஓர் இலை பிய்ந்தால் ரேடியேட்டரையோ பானெட்டையோ கிழித்துக்கொண்டு போகும். பக்கத்தில் ஆள் நின்றால் ஆளையும். பழைய தோற்றத்திலேயே, முழு உலோகத்தில் புதிதாகச் செய்ததை மாட்டுங்கள். இஞ்சின் ஓடும்போது ஃபேனின் நேர்ப்பக்கத்தில் யாரையும் நிற்க விடாதீர்கள்.

வெடிக்கிறது

சைலன்சரில் வெடித்தால் ஸ்பார்க் தாமதம், அல்லது எக்ஸாஸ்ட் இணைப்பில் காற்று புகுகிறது. கார்புரேட்டர் வழியாக முன்னால் வெடித்தால் கலவை மெலிவு, அல்லது உள்வாங்கும் வால்வு ஒட்டிக்கொண்டு நிற்கிறது. இஞ்சின் ஓடும்போது மேனிஃபோல்டு இணைப்பில் எண்ணெய்க் குப்பியால் நாலு சொட்டு இன்ஜின் ஆயில் விடுங்கள். சத்தம் மாறினால் அங்கே காற்று இழுக்கிறது, கேஸ்கட் மாற்ற வேண்டும். சோதிக்க பெட்ரோலைத் தெளிப்பவர்கள் இருக்கிறார்கள், அதைச் செய்யவே செய்யாதீர்கள். கைக்கு எட்டும் இடத்தில் தீயணைப்பான் ஒன்று எப்போதும் இருக்கட்டும்.

ஆம்மீட்டர் சரியாகக் காட்டவில்லை

ஓடும்போது எட்டுப் பத்து ஆம்பியர் சார்ஜ் காட்டினால் நல்லது. காட்டவில்லை என்றால் டைனமோவின் கார்பன் பிரஷ்ஷையும் கம்யூட்டேட்டரையும் பாருங்கள், பெரும்பாலும் கரிதான். பேட்டரியைக் கழற்றிவிட்டு டைனமோவை ஓட்டிப் பார்க்க வேண்டாம், எரிந்துபோகும்.

நிறுத்திய பிறகும் முள் டிஸ்சார்ஜின் கடைசி வரை போய் நின்றால் டைனமோ மேல் இருக்கும் கட்-அவுட், அதாவது டைனமோவையும் பேட்டரியையும் சேர்த்துப் பிரிக்கும் சுவிட்ச், ஒட்டிக்கொண்டது. உடனே பேட்டரியைக் கழற்றுங்கள். ஃபியூஸ் இல்லாத வண்டி, வயரிங் முழுக்கக் கருகும். செல்ஃப் பக்கத்திலேயே ஒரு 30 ஆம்பியர் ஃபியூஸைப் போட்டுவிடுங்கள். பழமைக்குப் பங்கம் என்று சிலர் சொல்வார்கள். வண்டி இருந்தால்தானே பழமை இருக்கும்.

கியர் கரகரக்கிறது

கிளட்ச் பெடலில் முக்கால் முதல் ஒரு அங்குலம் சும்மா இறங்க வேண்டும், அதைப் பாருங்கள். அது சரி என்றால் கியர்பாக்ஸ் ஆயில் மெலிசாக இருக்கும். சிங்க்ரோ (கியர் மாற்றும்போது வேகத்தைத் தானே சமன் செய்யும் அமைப்பு) இல்லாத இந்தப் பல்சக்கரங்களின் வேகத்தைக் குறைத்துச் சேர வைப்பதே ஆயிலின் கெட்டித்தன்மைதான். 140 கிரேடு போட்டதும் என் வண்டியில் பாதிச் சத்தம் போனது. மீதிப் பாதி என் காலில் இருந்தது, இரண்டு முறை கிளட்ச் மிதித்து மாற்றப் பழகியதும் அதுவும் போனது.

பிரேக் ஒரு பக்கம் இழுக்கிறது, அல்லது பிடிக்கவே இல்லை

கம்பியால் இயங்கும் பிரேக் என்றால் பலவீனம் என்று நினைக்கிறார்கள். ஒழுங்காக அமைத்த மாடல் ஏ நான்கு சக்கரத்தையும் பூட்டிவிடும். தவறு நடப்பது ஒரே இடத்தில்: லைனிங் தேய்ந்ததும் கம்பியின் நீளத்தைக் குறைத்து இறுக்கிவிடுகிறார்கள். கம்பிகளின் நீளம் நிலையானது, அதைத் தொடக் கூடாது. தேய்மானத்துக்கு ஈடு செய்ய ஒவ்வொரு சக்கரத்தின் பின்தட்டிலும் சதுரத் தலை கொண்ட திருகு இருக்கிறது.

நான்கு சக்கரத்தையும் தூக்கி நிறுத்தி, பெடலுக்கும் சீட்டுக்கும் நடுவே ஒரு கட்டையைக் கொடுத்து, பெடலைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கி, ஒவ்வொரு சக்கரத்தையும் கையால் சுற்றுங்கள். இடதும் வலதும் ஒரே கனத்தில் உரச வேண்டும், முன்னால் இருப்பதைவிடப் பின்னால் இருப்பது சற்று முந்த வேண்டும். பெடல் வீணாகப் பாதி தூரம் இறங்குகிறது என்றால் பின்களும் குறுக்குத்தண்டின் புஷ்களும் தேய்ந்திருக்கின்றன. லேத்தில் கொடுத்துப் புதிதாகச் செய்யுங்கள், மலிவான வேலை. முதல் இரண்டு தடவை நன்றாகப் பிடித்து, மூன்றாவது தடவை பிரேக் மங்கினால் தகட்டு டிரம் சூட்டில் விரிகிறது. வார்ப்பிரும்பு டிரம் போட்டால் தீரும்.

ஸ்டீயரிங் உதறுகிறது

மேட்டில் ஏறி இறங்கியதும் முன்சக்கரங்கள் வெறி பிடித்தது போல் ஆடும். ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடித்து மல்லுக்கட்டாமல் வேகத்தைக் குறையுங்கள், அடங்கும். அப்புறம் முன்பக்கத்தைத் தூக்கி, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் கிங் பின் தேய்மானம் தெரியும், பக்கவாட்டில் ஆட்டினால் டை ராடு பந்துகள். எல்லோரும் மறப்பது, முன் ஆக்ஸிலிலிருந்து பின்னால் வரும் கவைக் கம்பி கிளட்ச் கூட்டுக்கு அடியில் உட்காரும் அந்தப் பந்து. அது தளர்ந்தால் முன்னால் எதை மாற்றினாலும் உதறல் நிற்காது. வலது பக்க ஸ்டீயரிங் வண்டிக்கு அமெரிக்கப் பட்டியலைப் பார்த்து ஸ்டீயரிங் சாமான் வாங்காதீர்கள், பொருந்தாதது நிறைய வரும்.

உள்ளே தட்டுகிறது

ஏற்றத்தில் மட்டும் கிலுகிலுவென்று கேட்டு, ஸ்பார்க்கை இரண்டு பல் மேலே தள்ளியதும் நின்றால் அது வெறும் டைமிங் சத்தம், பயமில்லை.

ஸ்பார்க்கை மாற்றியும் போகாமல், ஐம்பது கிலோமீட்டர் வேகத்திலிருந்து ஆக்ஸிலேட்டரை விடும்போது அடியிலிருந்து கனமாகத் தட்டினால், ஓரமாக நிறுத்துங்கள். இஞ்சினை மெதுவாக ஓடவிட்டு, மரப்பிடி போட்ட திருப்புளியை ஒவ்வொரு பிளக்கின் பித்தளைப் பட்டைக்கும் ஹெட்டுக்கும் நடுவே வைத்து அந்த சிலிண்டரை மட்டும் அணையுங்கள். எந்த சிலிண்டரை அணைத்ததும் தட்டல் குறைகிறதோ, அந்தக் கனெக்டிங் ராடின் பேரிங் தளர்ந்துவிட்டது. இந்த இஞ்சினில் பேரிங் தனித் துண்டாக இல்லை, ராடிலேயே வெள்ளீயக் கலவையை உருக்கி ஊற்றியது. ஆரம்பத்திலேயே பிடித்தால் நடுவே இருக்கும் மெல்லிய ஷிம் தகட்டில் ஒன்றை எடுத்துவிட்டு இறுக்கினால் போதும், சம்ப்பைக் கழற்றிப் பாதி நாள் வேலை. வீடு வரை போய்விடலாம் என்று அப்படியே ஓட்டினால் கலவை உதிரும், கிராங்க் கீறும். என் வண்டி அப்படித் தட்டிய அன்று நான் அதை லாரியில்தான் ஏற்றி வந்தேன், ஷிம் தகடு ஒன்றோடு முடிந்தது. அதற்குப் பிறகு ஒவ்வொரு 800 கிலோமீட்டருக்கும் ஆயில் மாற்றுகிறேன். வடித்த பழைய ஆயிலை வெள்ளைத் துணியில் ஊற்றி வெயிலில் காட்டிப் பார்க்கிறேன், வெள்ளிப் பொடி மின்னுகிறதா என்று.